குழந்தையின் போர்வையிலேயே கை பழகட்டும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும் க்வில்ட் தைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, அத்தைமாரே, பாட்டிமாரே,

நான் மிசூரி மாநிலத்தில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு க்வில்ட் தைக்கத் தொடங்கி, இப்போது லாங்ஆர்ம் எந்திரத்தில் கை பழகிவருகிறேன். பிள்ளைகளோடு வாழ வந்து, பேரக்குழந்தை பிறந்த சந்தோஷத்தில் துணியும் கத்தரியுமாக உட்கார்ந்தவர்கள் டல்லாஸில் இருக்கிறீர்கள், நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், டொராண்டோவிலும் இருக்கிறீர்கள். உங்கள் வீடுகளுக்கு வரும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன். கால் அங்குலத் தையல் பிசகாமல் துண்டு துண்டாக இணைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து அலமாரியில் அடுக்கிவைத்த டாப்புகள். "யாருக்கு இது?" என்று கேட்டால் பேத்தியின் பெயரைச் சொல்கிறீர்கள். "ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்றால், "லாங்ஆர்மில் கை படியட்டும். குழந்தைக்குக் கொடுப்பது கோணல்மாணலாக இருக்கலாமா?" என்கிறீர்கள். அதற்குள் அந்தப் பேத்தி பல் முளைத்து, நடை பழகி, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிடுகிறாள்.

அதனால்தான் இந்த மடல். கற்று முடித்த பிறகு குழந்தைக்குத் தைக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். லாங்ஆர்ம் கற்றுக்கொள்ளக் குழந்தையின் போர்வையைவிடத் தோதான ஒன்று கிடையாது. ஆசைக்காகச் சொல்லும் பேச்சில்லை இது. எந்திரத்தின் அமைப்பும் துணியின் குணமும் குழந்தைகள் போர்வையைப் புழங்கும் விதமும் சேர்ந்தே இப்படிச் சொல்ல வைக்கின்றன.

இந்த எந்திரத்தைப் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நாலு வரி. க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த டாப், நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குவதுதான் க்வில்டிங். வீட்டுத் தையல் எந்திரத்தில் எந்திரம் அசையாது, துணியைத்தான் நகர்த்த வேண்டும். லாங்ஆர்மில் துணி பத்துப் பன்னிரண்டு அடி நீள ஃபிரேமில் உருளைகளுக்கு இடையே விரித்துக் கட்டப்பட்டிருக்கும். எந்திரத்தின் தலை தண்டவாளம் போன்ற பாதையில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். இரண்டு கைப்பிடியையும் பிடித்து நாம்தான் அதை ஓட்ட வேண்டும். ஊசி நிமிடத்துக்கு 1,500 தையலுக்கும் மேல் போடக்கூடியது.

அளவிலிருந்து தொடங்குகிறேன். எந்திரத்தின் கழுத்து 18 அங்குலம் என்றால் அவ்வளவும் நமக்குத் தைக்கக் கிடைக்காது. சுற்றிய துணியும் உருளையும் இடத்தை எடுத்துக்கொள்ளும். கையாளக் கிடைப்பது ஒரு தடவைக்குப் பன்னிரண்டு அங்குலம்போல. 40 அங்குலத்துக்கு 50 அங்குலம் உள்ள சின்னப் போர்வையின் நீளப் பக்கத்தை உருளையோடு ஏற்றினால் நான்கு வரிசையில் வேலை முடிந்துவிடும். பெரியவர்கள் படுக்கைக்கான 90 அங்குல க்வில்டுக்கு எட்டு வரிசை வேண்டும். வரிசை கூடக் கூட உருளையில் துணி தடித்துக்கொண்டே போய் இடம் இன்னும் குறுகும். புதிதாகக் கற்பவரின் தோள்பட்டை ஐந்தாவது வரிசையில் இறுகிவிடும். இறுகிய தோளோடு போட்ட தையல் பார்த்தவுடன் தெரியும். குழந்தைப் போர்வையில் அந்தக் களைப்பு வருவதற்குள் கடைசி வரிசைக்கு வந்துவிடுவோம். ஏற்றுவது, சீராக்குவது, தைப்பது, சுருட்டுவது, இறக்குவது என்று ஒரு முழுச் சுற்றையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். பெரிய க்வில்டில் மூன்று வாரம் மல்லாடுவதைவிட, சின்னதாக மூன்று செய்து முடிப்பதில்தான் கை வேகமாகத் தேறுகிறது.

துவைப்பதையும் யோசியுங்கள். 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியெஸ்டரும் கலந்த பேட்டிங்கோ, முழுப் பருத்திப் பேட்டிங்கோ முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் டாப் முழுவதும் மெல்லிய மடிப்புகள் விழுந்து, போர்வைக்குப் பழகிய மென்மை வந்துவிடும். கொஞ்சம் நெளிந்த கோடு, சமமில்லாத வளையம் எல்லாம் அந்த மடிப்புகளுக்குள் போய்விடும். கண்காட்சிக்குத் தைப்பவர்கள் இந்தச் சுருக்கமே வரக் கூடாது என்று பாடுபடுவார்கள். குழந்தையின் போர்வைக்கு அதுவே அழகு. பாலும் சாதமும் மண்ணும் பட்டு வாரந்தோறும் எந்திரத்தில் சுழலப்போகும் துணி அது. துணியில் டைனோசரோ ரயிலோ பூவோ நிறைந்த அச்சு இருந்துவிட்டால் தையல் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் போர்வைகளுக்கு வெற்று நிறத் துணியைத் தவிர்த்து, பல நிறம் கலந்த அச்சுத்துணியையும் அதற்கு ஒத்துப்போகும் நூலையும் எடுங்கள். மாறுநிற நூலை இரண்டாவது மூன்றாவது குழந்தைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி ஏற்றுவது. லாங்ஆர்மில் பாதி வேலை ஏற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பின்துணி டாப்பைவிட நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். 40க்கு 50 டாப் என்றால் பின்துணி 48க்கு 58. பேட்டிங்கும் ஏறக்குறைய அதே அளவு. பின்துணியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நேராக இருப்பது கட்டாயம். கடையில் வெட்டிக்கொடுத்தபடியே, உருளையோடு இணைந்த லீடர் துணியில் குத்திவிட்டால், சுருட்டச் சுருட்ட ஒரு பக்கம் தொய்ந்து இன்னொரு பக்கம் விறைக்கும். டாப்பில் இல்லாத கோணல் அங்கேதான் பிறக்கிறது. வழக்கமான க்வில்ட் பருத்தி 42 முதல் 44 அங்குல அகலம்தான் வரும். 108 அங்குல அகலப் பின்துணி கிடைத்தால், ஒன்றே முக்கால் கெஜம் வாங்கி நடுவில் வெட்டினால் இரண்டு குழந்தைகளுக்கு ஒட்டில்லாத பின்துணி ஆகிவிடும். பின்பக்கத்துக்கு மிங்க்கி போன்ற இழுபடும் துணி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், இழுபடாத பக்கம் உருளைகளுக்கு இடையே வரும்படி ஏற்றிப் பாருங்கள், சுருட்டும்போது இழுத்துக்கொண்டு போகாது. துணியை மத்தளத் தோல்போல் இறுக்கவும் கூடாது. அடியிலிருந்து விரலால் தள்ளினால் விரல்நுனி தெரியும் அளவு தளர்வு வேண்டும்.

அடுத்து டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். ஒவ்வொரு தடவையும், பின்துணியின் ஓரத்தில் நான்கு அங்குலம் மிச்சம் விட்டோமே, அங்கேதான் முதலில் தைத்துப் பார்க்க வேண்டும். நேராக ஒரு கோடு, பிறகு வட்டங்கள். வட்டம் முக்கியம். நேர்கோட்டில் ஒளிந்திருக்கும் குறை வளைவில் வெளிப்பட்டுவிடும். வளைவுகளின் அடிப்பக்கத்தில் கண்ணிமை மயிர்போல் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் வளைவில் நம் வேகம் அதிகம். அடிநூல் மேலே புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். முதலில் பாபினைச் சரியாக்கிவிட்டு, பிறகு மேலே திருகுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும். பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாபின் பெட்டிக்குள் சேரும் பஞ்சைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். குனிந்து அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதி டாப் தைத்த பிறகு பிரிக்கும் வேதனை வராது.

தைப்பதற்கு முதலில் வரவேண்டியது மீயாண்டர். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் வளைந்து நெளிந்து இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டு போகும் ஒற்றைக் கோடு. இதில் நமக்கு ஒரு முன்பழக்கம் உண்டு. மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் போட்ட கைகள் நம்முடையவை. இழை போய்ச்சேரும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கையை அதன் பின்னால் விடுவது நமக்குப் புதிதில்லை. லாங்ஆர்மிலும் அதேதான். ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோடு நடுங்கும். இரண்டு அங்குலம் தள்ளி, அடுத்து எங்கே வளையப்போகிறோம் என்று பார்த்தால் வழுவழுவென்று போகும். ஃபிரேம் உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். கைப்பிடியை இறுகப் பற்றாதீர்கள். மணிக்கட்டை அசைக்காமல் இடுப்பிலிருந்து உடம்பையே நகர்த்துங்கள். ஸ்டிச் ரெகுலேட்டர் என்ற வசதி இருக்கும் எந்திரத்தில் நாம் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் தையல் நீளம் ஒன்றாக இருக்கும். கற்கும் காலத்தில் அதைப் போட்டே வைத்திருங்கள். அங்குலத்துக்குப் பத்துப் பதினொரு தையல் என்று வைத்தால் போதும். அதைவிட நீளமாகப் போனால் குழந்தையின் கால்விரல் நூலில் மாட்டிக்கொள்ளும். தூக்கத்தில் உதைக்கிற பிள்ளைகள் ஒரே மாதத்தில் அந்த நூலை அறுத்துவிடுவார்கள்.

தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் சின்னதாக நாலு தையல் போட்டுவிட்டு வெட்டுவது வேகமான வழி. நான் நூலை முடிச்சிட்டு, ஊசியில் கோத்துப் பேட்டிங்குக்குள் புதைத்துவிடுகிறேன். நேரம் பிடிக்கும்தான். ஆனால் நூறு துவைப்பு காணப்போகும் போர்வைக்கு அந்த நேரம் தகும். போர்வையின் ஓரத்தை மூடும் பைண்டிங்கும் அப்படியே. இரண்டரை அங்குலப் பட்டையை மடித்து, இரண்டு பக்கமும் எந்திரத்திலேயே தைத்துவிடுங்கள். பின்பக்கத்தைக் கையால் தைப்பது மரபு, பார்க்கவும் நன்றாக இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை ஓரத்தைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டு வரும் போர்வைக்கு எந்திரத் தையலே காவல்.

நெருக்கமாகத் தைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். லாங்ஆர்ம் கை வரத் தொடங்கியதும் இறகு, கூழாங்கல், நுண்ணிய கோடுகள் என்று அரை அங்குலத்துக்கு ஒன்றாக நிரப்பிவிடத் தோன்றும். போட்டிகளில் பரிசு வாங்கும் க்வில்டுகளைப் பார்த்து வரும் ஆசை அது. குழந்தையின் போர்வையில் அதைச் செய்யாதீர்கள். நெருக்கித் தைத்தால் அட்டைபோல் விறைத்துவிடும், உடம்போடு ஒட்டி விழாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். பல பேட்டிங்குகளின் உறையில் எட்டு அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்றே போட்டிருக்கும். பெரிய மீயாண்டர் கற்பவருக்கும் எளிது, போர்த்துக்கொள்ளும் குழந்தைக்கும் இதம்.

எங்கள் குடும்பத்தில் நான் கற்ற ஒவ்வொரு வேலையும் ஒரு பிள்ளையின் பெயரோடுதான் எனக்கு நினைவிருக்கிறது. மூத்த பேத்தியுடையது வெறும் மீயாண்டர். அடுத்தவனுக்கு மீயாண்டரில் வளையம் சேர்ந்தது. ரயில் பைத்தியமான தம்பி பேரனுக்குப் பாண்டோகிராஃப். எந்திரத்தின் பின்பக்கம் நின்று, காகிதத்தில் அச்சிட்ட கோட்டின்மேல் லேசர் ஒளிப்புள்ளியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், ஊசி மறுபக்கம் அதே வடிவத்தைத் தைத்துக்கொண்டே வரும். ரூலர் வைத்து நேர்கோடு பிடிப்பது அக்கா மகளின் பிள்ளைக்குத் தைத்ததில் வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் அவள். பூவெல்லாம் வேண்டாம், சாம்பலும் கறுப்பும் போதும் என்று சொல்லிவிட்டாள். அவள் கேட்டபடியே வைரக்கட்டங்கள். பிள்ளைகள் கேட்பதைக் கேட்டுத் தையுங்கள். நமக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளையும் கிளிப்பச்சையையும் அவர்கள் மேல் போர்த்த வேண்டியதில்லை. துணிக்கடைக்கு அழைத்துப்போய், "உனக்கு எது வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எழுதிய பெயரையோ வரைந்த பூனையையோ அப்படியே தையலாக்கலாம். எந்திரம் ஓடும்போது மட்டும் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பத்து கிலோவுக்கும் மேலான தலை, கூடவே ஊசி.

பேரப்பிள்ளைகளுக்குள் வித்தியாசம் காட்டாமலிருப்பதும் ஒரு வேலை. பெரியவளுக்குத் தைக்கும்போது தெரிந்தது குறைவு, சின்னவனுக்குத் தைக்கும்போது அதிகம். அவனுடையதில் ரயில் ஓடுகிறது, என்னுடையதில் ஒன்றுமில்லையே என்று பெரியவள் ஒருநாள் கேட்பாள். அவள் பதின்ம வயதுக்கு வரும்போது 60க்கு 80 அங்குலத்தில் இன்னொன்று தைத்துக்கொடுங்கள். அப்போது உங்கள் கை எவ்வளவோ தேர்ந்திருக்கும்.

சேலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். அம்மாவின் பட்டுச் சேலையை வெட்டிப் பேத்திக்கு க்வில்ட் தைக்கலாமா என்பதுதான் கேள்வி. குழந்தைப் போர்வையில் பட்டு வேண்டாம் என்பது என் பதில். ஜரிகை குழந்தையின் தோலைக் கீறும், ஊசியை மழுக்கும், பட்டோ எந்திரத் துவைப்பைத் தாங்காது. நூல் சேலை என்றால் தாராளமாக எடுக்கலாம். டாப்புக்கு வெட்டுவதென்றால் மெல்லிய சேலைக்கு அடியில் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், முதலில் தனியாகத் துவைத்துப் பார்த்துவிடுங்கள். சுங்குடி என்றால் கட்டாயம். இன்னொரு வழியும் உண்டு. சேலையின் அகலம் 45 அங்குலத்தைத் தொடும். டாப்பை 36 அங்குல அகலத்துக்குத் திட்டமிட்டால் நான்கு பக்க மிச்சமும் போக, ஒட்டில்லாமல் ஒரே துணி பின்பக்கம் முழுவதற்கும் வந்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலை 58 அங்குலம் வீதம் மூன்று போர்வைக்குக் காணும். என் அம்மா கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பச்சைக் கட்டம் போட்ட நூல் சேலை இன்று எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகளின் போர்வைக்குப் பின்துணி. அவர்கள் யாரும் அம்மாவைப் பார்த்ததில்லை.

உடுத்திய துணியைப் போர்வையாக்குவது இந்த நாட்டிலும் பழைய வழக்கம்தான். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் வயலுக்கு உடுத்திய உடைகளையும் கிழிசலையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டு தைத்த க்வில்ட் இன்று பேர் பெற்றது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்த ஊரின் க்வில்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளில் அச்சிட்டது. அவற்றில் கோடுகள் வளைகின்றன, மூலைகள் பொருந்துவதில்லை. பிள்ளைகள் அவற்றைப் போர்த்தித் தூங்கினார்கள்.

எந்திரத்தில் தைத்தால் அது நம் கைவேலையா என்ற தயக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அந்தச் சண்டை முடிந்து வெகுகாலமாகிறது. ஹாரியட் ஹார்கிரேவ் எந்திர க்வில்டிங்கைப் பற்றித் தம் நூலை 1987இல் வெளியிட்டார். 1989இல் கென்டக்கி மாநிலம் படூகாவில் நடந்த அமெரிக்க க்வில்டர்ஸ் சொசைட்டியின் கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின், எந்திரத்தில் தைத்த க்வில்ட் முதல்முறையாகத் தலைப்பரிசை வென்றது. அன்று எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. இன்று அதே ஊரின் தேசிய க்வில்ட் அருங்காட்சியகத்தில் எந்திர வேலையின் நுட்பத்தைப் பார்த்து வியக்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்வாருங்கள். கணினி பொருத்திய லாங்ஆர்மைப் பற்றியும் என் கருத்து இதுதான், அதில் தைப்பது தப்பே இல்லை. முதலில் கையால் ஓட்டிப் பழகிவிட்டு அதற்குப் போனால், கணினி எங்கே தடுமாறுகிறது என்று உங்களுக்குப் புரியும்.

எந்திரம் வாங்க வேண்டுமே என்று மலைப்பவர்களுக்கு: விலை பல ஆயிரம் டாலரில் தொடங்கி, கணினியோடு வாங்கினால் ஒரு கார் விலைக்குப் போகும். வாங்க வேண்டாம். பல ஊர்களில் க்வில்ட் கடைகளே அறிமுக வகுப்பு ஒன்று நடத்திவிட்டு, மணிக்கணக்கில் எந்திரத்தை வாடகைக்கு விடுகின்றன. கூலிக்குத் தைத்துக்கொடுப்பவர்களிடமும் கொடுக்கலாம், சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று கணக்கு. அப்படிக் கொடுத்தால் போர்வையின் பின்னால் ஒட்டும் துண்டுத்துணியில் உங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். ஆனால் நல்ல கைக்காரரிடம் வரிசை மாதக்கணக்கில் நீளும். எங்கள் மாநிலத்தின் ஹாமில்டன் என்ற சிற்றூரில் ஜென்னி டோன் என்ற தாய்க்கு நடந்தது அதுதான். க்வில்டிங்குக்குக் கொடுத்துவிட்டு அவர் நெடுநாள் காத்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள், அவருக்கு ஒரு லாங்ஆர்ம் எந்திரமும் அதை வைக்க ஒரு கட்டடமும் வாங்கிக்கொடுத்தார்கள். 2008இல் அங்கே தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் துணி அனுப்பும் மிசூரி ஸ்டார் க்வில்ட் கம்பெனி.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைக் கதகதப்பாகப் போர்த்திப் படுக்க வைப்பது வழக்கம். தைத்த கை அந்தப் போர்வையைத் தொட்டிலில் விரிக்கத்தான் துடிக்கும். ஒரு வயது முடியும்வரை வேண்டாம். குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, பொம்மை எதுவுமே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு வலியுறுத்துகிறது. 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும் அதையே சொல்லியிருக்கிறது. முகத்தை மூடி மூச்சைத் தடுத்துவிடும் என்பதுதான் காரணம். மருமகள் போர்வையை எடுத்து ஓரமாக வைத்தால் மனம் வருந்தாதீர்கள், அவள் சரியாகவே செய்கிறாள். அதுவரை அந்த க்வில்டைத் தரையில் விரியுங்கள். விழித்திருக்கும் குழந்தையை அதன்மேல் குப்புறப் படுக்கவைத்து எதிரே உட்கார்ந்து பேசுங்கள். அச்சிலுள்ள யானையைப் பார்த்துத் தலையைத் தூக்கும். சின்னப் பிள்ளைகளுக்கான போர்வையில் பொத்தான், மணி, ஒட்டவைத்த பூ எதையும் தைக்காதீர்கள். எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

போர்வையின் பின்னால் வைக்கும் துண்டுத்துணியில் குழந்தையின் பெயர், ஆண்டு, தைத்தவர் பெயர், உறவு எல்லாவற்றையும் அழியாத மையால் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். துவைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுதிவிடலாம், குளிர்ந்த நீர், மிதமான சூட்டில் உலர்த்தல் என்று. பிறகு, "பத்திரமா வைச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அலமாரிக்குள் போய்விடும், நாம் வெளியே எடுத்ததற்கே பயனில்லை.

கடைசியாக, சொந்தமாக லாங்ஆர்ம் வைத்திருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அடித்தளத்தில் அந்த எந்திரம் வாரத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து, புதிதாகக் கற்கும் ஒருவரை வரவழைத்து, ஒரே ஒரு குழந்தைப் போர்வையை அவரே ஏற்றி, அவரே தைத்து, அவரே இறக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடியை அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். மற்றவர்கள் அலமாரியைத் திறந்து, குடும்பத்திலேயே மூத்த பிள்ளைக்கென்று எடுத்துவைத்த டாப் எதுவோ அதை முதலில் வெளியே எடுங்கள். அந்தப் பிள்ளைதான் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. பின்துணியை நேராக வெட்டுங்கள், பக்கத்துக் கடையில் எந்திரத்துக்கு நேரம் பதிந்துகொள்ளுங்கள், பெரிய மீயாண்டர் போட்டு முடித்து, குளிர் தொடங்குமுன் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மிசூரியிலிருந்து உங்கள் சகோதரி